வீட்டிலேயே பாடம்: ஆறு வயதுக்கும் மூன்று வயதுக்கும் செய்து கற்கும் ஒரு வாரம் எப்படி இருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஆறு வயது மகளுக்கும் மூன்று வயது மகனுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறீர்கள். மகள் ‘கையால் செய்தால்தான் புரிந்துகொள்ளும் வகை’ என்று நினைப்பதால், ஒரு நாளைக்கு நான்கு என்று வாரத்துக்கு இருபது செயல்பாடுகள் தயார் செய்கிறீர்கள். இரவு உட்கார்ந்து வெட்டி ஒட்டி வைத்ததைக் காலையில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, “அடுத்து என்ன?” என்று வந்து நிற்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை செயல்பாடு வேண்டும், ஒரு மாதிரி அட்டவணை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “இவர்கள் கற்கிறார்களா, வெறுமனே பொழுது போகிறதா என்றே தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். அட்டவணை அதன் பின்னால் தானாக வரும்.

நான் மழலையர் கல்வியில் பயிற்சி பெற்றவள். பதினான்கு வருடம் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறேன், என் பிள்ளைகள் இருவருக்கும் நான்கு வருடம் வீட்டிலேயே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வயதுக்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. பேச்சு தாமதமாவது, கவனம் சற்றும் நிலைக்காமல் போவது போன்ற கவலை ஏதாவது இருந்தால், குழந்தையை நேரில் பார்க்கும் நிபுணரிடம்தான் கேட்க வேண்டும். எழுத்தில் வரும் எந்தப் பதிலும் அதற்கு ஈடாகாது.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. கை வேலை செய்வதாலேயே கற்றல் நடந்துவிடாது. செய்யும்போது குழந்தை எதைப் பற்றி யோசிக்கிறதோ, அதுதான் மனதில் தங்கும். எழுத்தின் வடிவத்தில் மணிகளை ஒட்டச் சொன்னால், அந்த இருபது நிமிடமும் குழந்தையின் யோசனை பசையைப் பற்றித்தான். பசை அதிகமாகிவிட்டதா, மணி நகர்கிறதா, விரலில் ஒட்டுகிறதா என்பதுதான் அங்கே பாடம். விரல்களுக்கு நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தும் அதன் ஒலியும் அதில் எங்கேயும் இல்லை.

செய்து கற்பதை முறையாகத் தொடங்கி வைத்தவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். ஃப்ரோபெல் 1837-இல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கான தன் நிலையத்தைத் தொடங்கியபோது, குழந்தை கையில் கொடுத்த முதல் பொருள் நூலால் பின்னிய மென்மையான பந்து. அதன் பிறகுதான் மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் ஆரம்பித்த குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில் ஒரு புகழ்பெற்ற சாதனம் உண்டு: ஒரே இளஞ்சிவப்பு நிறத்தில் பத்து கனசதுரங்கள், சிறியது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து. நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, அளவு மட்டுமே மாறுகிறது. குழந்தையின் கவனம் வேறு எங்கும் போக வழியில்லை. இன்று ‘செயல்பாடு’ என்ற பெயரில் நாம் தயார் செய்வதில் பாதிக்கு மேல் இதற்கு நேர் எதிர்: ஐந்து நிறம், மினுமினுப்பு, கண் உருட்டும் பொம்மை, அதற்குள் எங்கேயோ ஒரு எண்.

ஏன் இது முக்கியம் என்பதைக் காட்டும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்டது. ஓர் அறையை அப்படியே சிறிதாக்கி ஒரு மாதிரி செய்து, அதில் குட்டிப் பொம்மை ஒன்றைக் குழந்தையின் கண் முன்னே ஒளித்து வைத்தார். பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது, போய் எடு என்றார். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளால் முடியவில்லை. இத்தனைக்கும், மாதிரிக்குள் குட்டிப் பொம்மை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சிறிய அறை அவர்களுக்கு இன்னோர் அறையின் அடையாளமாகத் தெரியவில்லை. அதுவே ஒரு விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தது. பின்னால் அவரே செய்த சோதனைகளில், மாதிரியை முதலில் எடுத்து விளையாட விட்டபோது மூன்று வயதினர்கூடத் தடுமாறினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தொட விடாமல் காட்டியபோது சின்னவர்கள் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ, அது குறிக்கும் விஷயம் அவ்வளவு மறைந்துபோகிறது.

என் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். எண்ணிக்கை சொல்லித் தர, குட்டி விலங்குப் பொம்மைகள் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். “ஐந்து எடுத்து வை” என்றால் என் மகள் யானையை எடுத்து, அதன் குட்டி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவாள். குட்டி கிடைத்ததும் அப்பாவைத் தேட வேண்டும். ஒரு மாதம் அவள் எண்ணத் தயாராகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பொம்மைகளை உள்ளே வைத்துவிட்டு, ஒரே நிறத்தில் பத்துக் கூழாங்கற்களைக் கழுவிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வரிசையாக அடுக்கி ஐந்தைப் பிரித்துக் கொடுத்தாள். அந்த ஒரு மாதம் அவளுக்குத் தடையாக இருந்தது நான் வாங்கி வைத்த பொம்மைகள்தான்.

சரி, கற்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு சின்னக் கேள்வி போதும். எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கற்களை எண்ணச் சொல்லுங்கள். “ஒன்று, இரண்டு…” என்று ஏழு வரை சரியாகச் சொல்லி முடித்ததும், “எத்தனை கல்?” என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் எண்ணுவதன் விதிகளைப் பிரித்துக் காட்டியபோது இதைத் தனி விதியாகவே வைத்தார்கள். அப்புறம் திருப்பிக் கேளுங்கள்: “எனக்கு நான்கு கல் கொடு.” உங்கள் மகன் பத்து வரை கடகடவென்று சொல்லலாம், ஆனால் மூன்று கேட்டால் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுக்கலாம். மூன்று வயதில் அது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. பத்து வரை சொல்வது பாட்டு மாதிரி. மூன்றை எடுத்துக் கொடுப்பதுதான் கணக்கு.

இப்போது வாரத்துக்கு வருகிறேன். இருபது வேண்டாம், இரண்டே போதும். ஒரு தட்டில் தண்ணீர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நான்கு அவரை விதைகள். திங்கள் முதல் வெள்ளி வரை இதே இரண்டுதான். பொருள் மாறாது, கேள்வி மட்டும் மாறும்.

தண்ணீருக்கு அகலமான ஒரு தட்டு, வடிவத்தில் வேறுபட்ட ஐந்து பாத்திரங்கள், ஒரு சின்னக் கோப்பை, ஒரு புனல். திங்கட்கிழமை நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டாம், ஊற்றட்டும். முதல் நாள் விளையாட விடாமல் பாடத்தை ஆரம்பித்தால், வாரம் முழுக்க விளையாட்டுக்கும் பாடத்துக்கும் இழுபறியாகவே இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒரே கேள்வி: எந்தப் பாத்திரத்தில் அதிகத் தண்ணீர் பிடிக்கும்? முதலில் ஊகம். ஊகத்தை மகளையே ஒரு தாளில் படமாக வரையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடை தெரிந்ததும் “நான் இதைத்தான் சொன்னேன்” என்று மாற்றிவிடுவாள். பிறகு கோப்பையால் அளந்து, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கோடு போடட்டும். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டால் எண்ணச் சுலபம் என்று அப்போது காட்டலாம்.

புதன்கிழமைதான் இந்த வாரத்தின் சிறப்பு. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டும் சமம் என்று குழந்தையே ஒத்துக்கொண்ட பிறகு, ஒன்றை மட்டும் உயரமான ஒல்லிப் பாட்டிலில் மாற்றுங்கள். எதில் அதிகம்? பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளரின் புகழ்பெற்ற சோதனை இது. ஆறு, ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் உயரமாகத் தெரிவதில்தான் அதிகம் என்பார்கள். என் மகன் ஐந்து வயதில் அப்படித்தான் சொன்னான். பாட்டிலிலிருந்து திரும்ப டம்ளரில் ஊற்றினான், “இப்ப சமம்.” மறுபடி பாட்டிலில் ஊற்றினான், “இப்ப இதுல அதிகம்.” மூன்றாவது தடவை ஊற்றிவிட்டுச் சும்மா நின்றான். பாட்டிலில் நீர்மட்டம் இருந்த இடத்தில் விரலை வைத்து, அடுத்த கையால் டம்ளரின் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் “ஒல்லியா இருக்கறதால மேல ஏறுது” என்று தானாகச் சொன்னது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, வேறு ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது.

இங்கே ஒரு நுணுக்கம். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்காதீர்கள். பெரியவர் மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்புபோல என்று நினைத்துப் பதிலை மாற்றிக்கொள்ளும் பழக்கம் குழந்தைகளுக்கு உண்டு. 1974-இல் மெக்காரிகிலும் டொனால்ட்சனும் வேறொரு பொருளை வைத்து இதே வகைச் சோதனையைச் செய்தார்கள். இரண்டு வரிசையில் சமமாக அடுக்கிய வில்லைகளில் ஒரு வரிசையைப் பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து கலைத்துவிட்டதாகக் காட்டினார்கள். முன்பைவிட அதிகமான குழந்தைகள் சரியாகப் பதில் சொன்னார்கள். அதனால் பியாஜே சொன்ன வயதுகளை ஒரு கோடு கிழித்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களே விளக்கிச் சொன்னால் சீக்கிரம் வந்துவிடுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கொஞ்சம் வரும் என்பார்கள் சிலர், வாயளவில்தான் நிற்கும் என்பார்கள் சிலர். நான் விளக்குவதில்லை, கேட்டுவிட்டு விட்டுவிடுவேன்.

வியாழக்கிழமை புதிதாக எதுவும் இல்லை. மகள் தன் அளவுகளைப் பார்த்து ஒரு வரி எழுதட்டும், தம்பி இஷ்டத்துக்கு ஊற்றட்டும்.

விதைக்கு வேலை குறைவு, பலன் அதிகம். கண்ணாடிப் பாத்திரத்தின் உட்புறம் ஈரத்தாளைச் சுற்றி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊறிய விதைகளைச் செருகுங்கள். கதகதப்பான இடத்தில் சில நாட்களில் விதைத்தோல் பிளந்து, முதலில் வேர் வெளியே வரும். “எது முதலில் வரும், இலையா வேரா?” என்று முன்பே கேட்டு வையுங்கள். பெரும்பாலான குழந்தைகள் இலை என்றுதான் சொல்வார்கள். வேர் கொஞ்சம் நீண்டதும் பாத்திரத்தைப் படுக்க வைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் வேர்முனை மறுபடி தரையைப் பார்த்து வளைந்திருக்கும். ஆறு வயதுக் குழந்தை அதைப் பார்க்கும் காலையில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். வேர்நுனியில் இருக்கும் சில செல்களுக்குள் கனமான மாவுத்துகள்கள் கீழ்ப்பக்கமாகப் படிவதால்தான் கீழே எது என்பது வேருக்குத் தெரிகிறது. இதைச் சொன்னால் ரசித்துக் கேட்பாள், புரிய வேண்டும் என்று அவசியமில்லை.

அளப்பதற்கு அளவுகோல் வேண்டாம், நூல் போதும். ஒவ்வொரு நாளும் வேரின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, தாளில் அந்தந்தக் கிழமைக்கு நேராக ஒட்டச் சொல்லுங்கள். நான்காவது நாள் அந்தத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால், அவள் ஒரு வரைபடம் போட்டிருப்பாள். வரைபடம் என்ற சொல்லை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பையிலிருந்து வரும் விவசாய விதைகளில் பூச்சிமருந்து தடவியிருக்கலாம், அவற்றைத் தவிருங்கள். சில வகை அவரை விதைகள் பச்சையாக விழுங்கினால் உடம்புக்கு ஆகாது. அதனால் விதைகளைத் தம்பிக்கு எட்டாத இடத்தில் வைத்து, நீங்கள் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

வாசிப்பை மட்டும் இந்த இரண்டோடு கலக்காதீர்கள். வீட்டுப் பாடத்தில் அதிகம் சறுக்குவது இங்கேதான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் குழந்தை விளையாட்டிலேயே தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. வரிசையாக, நேரடியாகச் சொல்லித் தர வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எழுத்து அட்டைகளை வைத்து ‘படம்’ என்று அடுக்கிவிட்டு, “முதல் எழுத்தை எடுத்துவிட்டு த வைத்தால் என்ன வரும்?” என்று கேளுங்கள். ‘தடம்’. ம வைத்தால்? ‘மடம்’. இதிலும் கைதான் வேலை செய்கிறது, ஆனால் யோசனை முழுக்க ஒலியில் இருக்கிறது. அப்புறம் அதே எழுத்தை வெற்றுத் தாளில் தானாக எழுதட்டும். 2012-இல் காரின் ஜேம்ஸ் குழுவினர் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தானாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போது, வாசிப்புக்குப் பயன்படும் மூளைப்பகுதிகள் இயங்கின. தட்டச்சு செய்த எழுத்துகளுக்கும் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்த எழுத்துகளுக்கும் அப்படி ஆகவில்லை. சில குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது, இதை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குப் போக மாட்டேன். ஆனால் மணல் தட்டில் எழுதுவதா, புள்ளிக்கோட்டின் மேல் வரைவதா என்று கேட்டால், மணலில் தானாக எழுதட்டும் என்பேன்.

‘கையால் செய்தால்தான் புரிந்துகொள்ளும் வகை’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று குழந்தைகளைப் பிரித்து, அந்தந்த வகைக்கு ஏற்பச் சொல்லித் தந்தால் அதிகம் கற்பார்கள் என்ற கருத்து மிகப் பிரபலம். 2008-இல் பாஷ்லரும் மூன்று சக ஆய்வாளர்களும் இதற்கான ஆதாரங்களை அலசினார்கள். அப்படிப் பொருத்திச் சொல்லித் தருவதால் பலன் கூடுகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. குழந்தைக்குப் பிடித்த வழி என்று ஒன்று இருக்கலாம், அதை மதிப்பதும் நல்லதுதான். ஆனால் வழியைத் தீர்மானிக்க வேண்டியது பாடம். வேர் வளைவதைப் பார்த்தால்தான் புரியும், கதையைக் கேட்டால்தான் புரியும். “இவள் செய்து கற்பவள்” என்று ஒதுக்கினால், மடியில் வைத்துக் கதை வாசிக்கும் நேரம் அவளுக்குக் குறைந்துவிடும். அதுதான் எனக்குக் கவலை.

மூன்று வயது மகனுக்குத் தனி அட்டவணை வேண்டாம். அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு சின்னத் தட்டு. இந்த வயதில் சேர்ந்து விளையாடுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவதுதான் அதிகம், அதை அப்படியே விடுங்கள். பாதுகாப்பில் மட்டும் தளர்வு வேண்டாம். சின்னப் பொருள்கள் தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர். வீட்டில், கழிவறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அதற்குள் போகும் கல், மணி, மூடி எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டைகளும் பொத்தான் பேட்டரிகளும் இந்த வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்குள்ளேயே வேண்டாம் என்பேன். சில சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. முடிந்ததும் தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நேரம் எவ்வளவு என்றால், ஆறு வயதுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இது என் அனுபவக் கணக்கு, ஆய்வு முடிவு அல்ல. வீட்டில் கற்பவர்கள் பள்ளியில் கற்பவர்களைவிட முன்னால் இருக்கிறார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல ஆய்வுகளில் தாமாக முன்வந்த குடும்பங்களே இடம்பெறுகின்றன. சரியாகப் போகாத குடும்பங்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை. பள்ளியைவிட மோசம் என்று சொல்லவும் அந்த ஆய்வுகள் உதவா. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும்; ஜெர்மனி போன்ற நாடுகளில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். உங்கள் ஊரில் பதிவோ தேர்வோ தேவையா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரே வேலை. அந்த வாரம் வீட்டில் இல்லாத யாராவது ஒருவர் வரட்டும், பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ. மகள் அவருக்குத் தண்ணீரையும் விதையையும் தானே விளக்கட்டும், நீங்கள் நடுவில் பேசாமல் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். அவள் சொன்ன வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள். எங்கே தடுமாறினாளோ அங்கிருந்து அடுத்த வாரம். இரண்டாவது வாரமும் அதே தண்ணீர்த் தட்டையே வைத்தால், “இதுதான் செஞ்சாச்சே” என்று முதல் நாள் முனகுவார்கள். இரண்டாவது நாள், நீங்கள் யோசித்தே பார்க்காத எதையாவது அதில் செய்துகொண்டிருப்பார்கள்.

விதைகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் போதும். திங்கட்கிழமை காலையில் ஊறிய விதை ஒன்றையும் ஊறாத விதை ஒன்றையும் மகளின் உள்ளங்கையில் வைத்து, என்ன வித்தியாசம் என்று கேளுங்கள்.